இரண்டு சீசா சிறுநீர்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். லேப் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கீழே இருந்த மரச்சட்டம் என் கண்ணில் பட்டுவிட்டது. சட்டத்தில் ஏழு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஐந்தில் நீல நிறம். ஒன்றில் பாசிப் பச்சை. கடைசிக் குழாயில் மட்டும் செங்கல்லைப் பொடித்துக் கரைத்தது போல ஒரு சிவப்பு.

அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். அந்த நிலையில் எந்த நிறமும் சற்று அதிகமாகவே தெரியும்.

லேப்பை நடத்திய சேவியர் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். அரைக்கைச் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். குழாயைச் சூடுகாட்டிய ஸ்பிரிட் விளக்கை மூடியால் மூடி அணைத்தார். சிவப்புக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டைப் படித்தார்.

"கோமதி யாரு?"

"நாந்தான்."

"தங்கச்சி, இனிப்பு நெறைய சாப்பிடுவியோ?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள். "இவளா? பாயசத்தையே மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுத்தான் குடிப்பா. வளைகாப்புக்குச் சக்கரைப் பொங்கல் வச்சேன், ஒரு வாய் தொட்டாங்கிய?"

"பொறவு இது எப்படி வந்துச்சும்மா? சக்கரை இல்லாட்டா நீலமா நிக்கும். இது செங்கக்கட்டி கலர்ல்லா இருக்கு."

அம்மா குழாயைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது. அதுவரை அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். காய்ச்சலில் அதைப் பொருட்படுத்தவில்லை.

வளையல் சத்தம்

போன வார அத்தியாயத்தை என் வளைகாப்போடு நிறுத்தியிருந்தேன். ஏழாம் மாதம். கைக்கு இருபத்தொன்றாக இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல். எங்கள் வீடுகளில் அதைப் பிரசவம் வரை கழற்றுவதில்லை. வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். வண்ணார்பேட்டையில் இருந்த அம்மா வீட்டுக்கு நான் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

என் கணவர் உடன்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். அப்பா ரயில்வேயில் கார்டு. வாரத்தில் பாதி நாள் மணியாச்சிக்கும் மதுரைக்கும் நடுவே எங்காவது இருப்பார். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் வெளியூரில். ஆக வீட்டில் நானும் அம்மாவும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை. லேப்புக்குப் போனதற்கு முந்தின நாள் மத்தியானம், ஓடு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்குக் குளிர ஆரம்பித்தது. முதலில் கால். பிறகு முதுகு. பிறகு தாடை. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. கை ஆடிய ஆட்டத்தில் வளையல்கள் தாமாகச் சத்தம் போட்டன.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏட்டி, என்னத்துக்கு வளையலப் போட்டு இந்தக் குலுக்கு குலுக்குத? ஒடைஞ்சிரப் போவுது."

பல் அடித்துக்கொண்டதில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா வந்து நெற்றியைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"நெருப்பால்லா கொதிக்கு! கண்ணு பட்டுட்டு. அன்னைக்கு வந்தவ ஒவ்வொருத்தியும் பாத்த பார்வை அப்படி."

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நன்றாகவே வெடித்தது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, முதுகோடு ஒரு வலி இருந்தது. பிள்ளை அந்தப் பக்கம் ஒதுங்கிப் படுத்திருக்கும் என்றாள் அம்மா. ஒரு வாரமாக எனக்கு நீர்க்கடுப்பும் இருந்தது. சித்திரையில் ஊரில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்புதான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மாடியும் கீழுமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றுவதற்கு என் வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுப் பக்கம் தள்ளினார். பிறகு என்னைத் திருப்பி உட்காரவைத்து, வலது விலாவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினார். லேசாகத்தான் தட்டினார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கனயா?"

தலையாட்டினேன்.

"ஒண்ணுக்குப் போகையில எரியுதா?"

அம்மா முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "கொஞ்சம்" என்றேன்.

"கிட்னியில கிருமி ஏறியிருக்கும்னு தோணுது. யூரின் பாத்தாத் தெரிஞ்சிரும். மலேரியாவுக்கு ரத்தமும் குடுத்துருங்க. ரிப்போர்ட்டக் கையோட வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு எழுதினார்.

பெயர் எழுதாத கதவு

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தினசரியின் திருநெல்வேலிப் பதிப்பில் பிழை திருத்துபவளாக இருந்தேன். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி எட்டரை வரை. எட்டு ஆண்கள், நான் ஒருத்தி.

கட்டிடத்தில் ஒரே ஒரு கழிப்பறை. கதவில் 'ஆண்கள்' என்று எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. அங்கே போக வேண்டுமானால் அச்சு இயந்திரம் ஓடும் கூடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பனியனோடு நிற்கும் ஆறு பேர் வேலையை நிறுத்தி வழிவிடுவார்கள். மரியாதைக்காகத்தான் நிறுத்துவார்கள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு நாள் போனேன். அதற்குப் பிறகு காலை பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். நாலு வருஷம் இப்படி ஓடியது. கர்ப்பமான பிறகும் ஏழாம் மாதம் வரை ஓடியது. இயல்பாகவே அடிக்கடி போக வேண்டிய காலம் அது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தி பத்தியாகக் கமாவும் ஒற்றும் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு இந்தக் காய்ச்சல் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, பொறுப்பாசிரியரிடம் விஷயத்தை நேராகவே சொன்னேன். நல்ல மனிதர். காது வரை சிவந்துபோய், "அடடா, சொல்லியிருக்கப்பிடாதா?" என்றார். அடுத்த வாரம் என் மேஜையை மின்விசிறிக்குக் கீழே மாற்றிப் போட்டார்.

பின்கட்டு

லேப்புக்குத் திரும்புகிறேன். ரத்தம் எடுத்து முடித்ததும் சேவியர் அண்ணன் ஒரு சின்னச் சீசாவில் பெயர் ஒட்டிக் கொடுத்தார். கழிப்பறை பின்கட்டில் இருந்தது. அதற்குப் போகிற முடுக்கில் டீக்கடைக்காரர்கள் பாய்லர் கழுவிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா வெளியில் நின்று கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்தால் வரவில்லை. வந்தபோது நெருப்பாக வந்தது. கால் சீசாகூட இல்லை. எழுந்திருக்கையில் கண் இருட்டியது. சீசாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

"நீ பைய போயி பெஞ்சில உக்காரு. இத நான் குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அவள் வரச் சற்று நேரமாயிற்று. அரை மணி கழித்து அந்தச் சிவப்புக் குழாயைப் பார்த்தேன்.

ரிப்போர்ட் ஒரு கால் தாள். கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் மேலிருந்து கீழாகப் படித்தேன். பெயர் சரி. வயது சரி. தேதி சரி. தோற்றம்: தெளிவு. சர்க்கரை: மூன்று கூட்டல் குறி. சீழ் செல்கள்: ஒன்று, இரண்டு. பிழை திருத்தியே சம்பளம் வாங்கும் நான் அந்தத் தாளில் ஒரு பிழையும் காணவில்லை.

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார்.

"சீழ் செல் ஒண்ணு ரெண்டு எல்லாருக்கும் இருக்கும். அப்ப கிட்னி இல்ல. மலேரியாவும் இல்ல. வைரஸ் காய்ச்சலா இருக்கணும். ஆனா சக்கரை இப்படி இறங்குதே." காய்ச்சல் மாத்திரை எழுதினார். இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். "குளிர் திரும்பி வந்தா அன்னைக்கே வந்துரணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கருப்பட்டி இல்லாத காப்பி

என் கணவர் வாராவாரம் உடன்குடியிலிருந்து ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவருவார். எங்கள் வீட்டில் வெள்ளைச் சீனிக்கு மதிப்புக் கிடையாது. அம்மா ஒரு நாளைக்கு ஐந்து தடவை கருப்பட்டிக் காப்பி குடிப்பாள். ஆறாவதாக ஒரு சில்லை வாயில் ஒதுக்கிக்கொண்டு துணி துவைப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கொட்டானைப் பரண் மேல் ஏற்றினாள். எனக்குக் கஞ்சி. அவளுக்குக் கடுங்காப்பி, இனிப்பில்லாமல். முதல் மடக்கை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் அவள் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"உனக்கு என்னத்துக்கும்மா? நீ போட்டுக் குடியேன்."

"நீ குடிக்காம நான் குடிக்கணுமாக்கும்? சும்மா கெட."

எனக்குத் துணை இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் விஷயத்தில் அவள் பொல்லாதவள். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் குழாயிலும் செந்தண்ணீர்தான் வரும். தெருவே அதைக் காய்ச்சிக் குடிக்கும். அம்மா தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி, மறுநாள் தெளிந்த பிறகு மேலோடு மொண்டு வேறு பானையில் வைப்பாள். அடியில் நிற்கும் வண்டலைச் செடிக்குக்கூட ஊற்றமாட்டாள். கேஸ் அடுப்புக்காரர் வந்து தாகத்துக்குக் கேட்டாலும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். கலங்கின தண்ணீரை ஒருவர் கையில் கொடுப்பது அவளைப் பொறுத்தவரை அவரை வாசலில் வைத்து வைவதற்குச் சமம்.

மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும். நாலு மணி நேரத்தில் ஏறும். இரண்டாம் நாள் சாயங்காலம் குளிர் திரும்பி வந்தது. வளையல் சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பலாமா என்று தெருவைப் பார்த்தாள். பிறகு, "காலையில எப்படியும் போகத்தான போறோம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நானும் சரி என்றேன். அது என் தப்பும்தான்.

காலையில் வேறொன்று தொடங்கியது. வயிறு கல்லாக இறுகும். முப்பது எண்ணுவதற்குள் விட்டுவிடும். வலி பெரிதாக இல்லை. தலைமாட்டில் கிடந்த முந்தின நாள் பேப்பரின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தேன். ஐந்து ஐம்பது. ஆறு பதினைந்து. ஆறு முப்பத்தைந்து. ஆறு ஐம்பது.

"என்னட்டி எழுதுத?" என்றாள் அம்மா.

காட்டினேன். அம்மா ஆறு பெற்றவள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடனே என்னை ஆட்டோவில் ஏற்றினாள். மாற்றுப் புடவை எடுக்கவில்லை, கதவைப் பூட்டினோமா என்றும் பார்க்கவில்லை.

"யாரோட யூரின்?"

டாக்டரம்மா என் வயிற்றில் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு இறுகியது, பிறகு தளர்ந்தது. கையை எடுக்காமல் அடுத்ததுக்கும் காத்திருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்காமச் சொல்லுதேன். வலி ஆரம்பிக்கப் பாக்குது. இந்த மாசத்துல பிள்ளை வந்துச்சுன்னா நுரையீரல் தாங்காது. காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். எதனால ஆரம்பிக்குன்னு தெரிஞ்சாத்தான் என்னால நிறுத்த முடியும்."

காலையில் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைச் சேவியர் அண்ணனே கையில் கொண்டுவந்திருந்தார். டாக்டரம்மா அதையும் பழைய கால் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரத்தத்துல சக்கரை எழுபத்தெட்டு. ஒண்ணுமே இல்ல. கர்ப்பத்துல சில பேருக்கு யூரின்ல மட்டும் கொஞ்சம் இறங்கும். ஆனா செங்கல் கலர்ல இறங்காது. சேவியர், சீசா மாறிட்டா?"

"மாறலம்மா. அன்னைக்கு ஏழு சீசா. ஏழுலயும் நானே பேரு ஒட்டினேன். இந்தம்மாதான் கையில கொண்டாந்து குடுத்தாவ." அம்மாவைக் காட்டினார்.

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். "யம்மா, இது யாரோட யூரின்?"

அம்மா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். சேவியர் அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பிய வெளிய போகச் சொல்லுங்க."

சேவியர் அண்ணன் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார் என்பது கதவின் அடியில் தெரிந்த செருப்பிலிருந்து தெரிந்தது.

"என்னோடதுதான்" என்றாள் அம்மா.



"இவ குடுத்தது கலங்கலா இருந்திச்சு டாக்டரம்மா. அரிசி கழுவின தண்ணி கணக்கா. வாடை வேற. கால் சீசாவும் இல்ல. அதக் கொண்டுபோயி ஒரு ஆம்பிளை கையில எப்படிக் குடுக்க? பிள்ளைய வளத்த லெச்சணத்தப் பாருன்னு நெனைக்க மாட்டாரா? அந்தக் கக்கூஸ் அழுக்குதான் பட்டுட்டுன்னு நெனச்சேன். கொட்டிட்டேன். அவ ஏற்கெனவே நிக்க மாட்டாம நிக்கா, அவள மறுபடி உள்ள அனுப்பவா? என் வயித்துல கெடந்தவதான அவ. அவளுக்குள்ள ஓடுதது எனக்குள்ள ஓடினதுதான. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு…"

"நெனச்சு?"

"சீசாவக் கழுவிட்டு நான் குடுத்துட்டேன். நல்லாத் தெளிவாத்தான் இருந்திச்சு."

டாக்டரம்மா இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். அடிக்கப்போகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"யம்மா, அந்தக் கலங்கலத்தான் நான் மூணு நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன்."

அம்மா அழுதாள். சத்தம் இல்லாமல், முகத்தை மூடாமல் அழுதாள். நடுவில், "மாப்பிள்ளைட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டரம்மா. அப்புறம் நான் அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்க?" என்றாள்.

கதவுக்கு வெளியே சேவியர் அண்ணன் இருமினார். அது இருமல் மாதிரி இல்லை.

இரண்டாவது சீசா

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவின் வீட்டுக் கழிப்பறைக்கே என்னை அழைத்துப்போனார்கள். தாழ்ப்பாள் இருந்தது. கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். கொதிக்கவைத்து ஆற்றிய சீசா. அரைச் சீசா வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. அரிசி கழுவின தண்ணீர்தான்.

அம்மா அதை வாங்கி, எதிலும் மறைக்காமல், மார்க்கெட் தெரு வழியாக நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நடந்து போனாள். அதன் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். சேவியர் அண்ணன் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, நீங்க கொட்டினது இதுதான்" என்று நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாராம். அம்மா முதலில் தப்பான கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்றாளாம். பிறகு தெரிந்தது. "புட்டு மாவு உதுத்தாப்புல, இடம் இல்லாமக் கெடக்கு" என்றாள் என்னிடம். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை போடவில்லை. சீழ் செல்கள்: பார்க்கும் இடமெல்லாம் என்று எழுதியிருந்தது. சர்க்கரை: இல்லை.

மீதியை எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வர இரண்டு நாள் ஆகும். டாக்டரம்மா காத்திருக்கவில்லை. கர்ப்பப்பை பெரிதாகும்போது வலது பக்கத்துச் சிறுநீர்க் குழாயை அழுத்தும், சிறுநீர் தேங்கும், கீழே இருக்கும் கிருமி மேலே ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஊசி மருந்தை எழுதினார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்க?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு தொடர்ந்தது.

மாடி அறையில் படுக்கவைத்தார்கள். டிரிப் ஏற்ற நரம்பு வேண்டும். இடது கையில் நல்ல நரம்பு இருந்தது, இருபத்தொரு வளையலுக்கு அடியில்.

"கழத்திரட்டுமா?" என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டார். உடைப்பார்களோ என்று பயந்தது நான்தான். அம்மா சோப்பைக் குழைத்து வந்து, ஒவ்வொன்றாக உருவினாள். ஒன்றுகூட உடையவில்லை. இருபத்தொன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வலது கையில கெடக்குல்லா, அது போதும்" என்றார் நர்ஸ், ஆறுதலாக.

"ரெண்டு கையும் போனாலும் போகட்டும்" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல்லி, என் கணவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். திருச்செந்தூர் பஸ்ஸில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டே வந்ததில் சட்டையெல்லாம் சந்தனம். "எப்படிக் கண்டுபிடிச்சாங்க அத்தை?" என்று கேட்டார்.

"அந்த டாக்டரம்மா கெட்டிக்காரில்லா" என்றாள் அம்மா.

இந்த அத்தியாயத்தின் கைப்பிரதியைப் போன வாரம் படிக்கும் வரை அவருக்கு வேறு விவரம் தெரியாது.

ஊசி எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நான் படுத்தபடியே நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வயிறு இறுகியது. மறுநாள் காலை நாற்பது நிமிடம். மத்தியானம் ஒன்றரை மணி நேரம். அதற்கு அடுத்து எழுத ஒன்றும் வரவில்லை. அந்த வெற்றிடத்தை அம்மா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்தைவிட அது நன்றாகப் படிக்க வந்தது. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை காட்டியது. குடலில் சாதாரணமாக வாழும் கிருமிதான் இடம் மாறி வந்திருக்கிறது, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அன்றைக்கே சோதனை முடிவும் வந்தது.

அன்று டாக்டரம்மா அம்மாவுக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

"எனக்கு என்னத்துக்கு? என் ரிப்போர்ட்டுத்தான் அன்னைக்கே வந்துட்டே" என்றாள் அம்மா.

"அதுல உங்க பேரு இல்லியே."

சேவியர் அண்ணன் பிளாஸ்திரியில் பிரமசக்தி என்று அம்மாவின் பெயரை எழுதிச் சீசாவில் ஒட்டினார். குழாய் மறுபடியும் செங்கல் நிறமானது. ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று நாற்பது. அம்மா கருப்பட்டிக் கொட்டானைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. அன்று இனிப்பை விட்டது எனக்குத் துணைக்கா, தன் மேலேயே வந்த சந்தேகத்திலா என்று பின்னொரு நாள் கேட்டபோது, "ரெண்டும்தான்" என்றாள்.

பிரசவம் வரை வாரம் ஒரு தடவை என் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. பத்துத் திங்கட்கிழமைகள். பத்துத் தடவையும் அம்மாதான் சீசாவைக் கொண்டுபோனாள். கொடுப்பதற்கு முன், "இது அவளோடதுதான்" என்று சேவியர் அண்ணனிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வாளாம். "சத்தியமா?" என்பாராம் அவர். பத்து ரிப்போர்ட்டிலும் சீழ் செல்கள் ஒன்று, இரண்டு.

ஆனி முடிகிற சமயத்தில், நிறைமாதம் ஆகி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு கிராம். உடனே அழுதது. துடைத்துத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்கள்.

ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடத்துக்குக் குழந்தை அம்மாவின் மடியில் சிறுநீர் கழித்தது. நர்ஸ் நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.